சர்வர் டப்ளினில் இருந்தால் தப்பித்தோமா?

கிளவுட் சேமிப்பு பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கவலைதான்: நம்முடைய விஷயங்கள் எங்கோ வெளிநாட்டு சர்வரில் கிடக்கின்றனவே, அரசாங்கம் நினைத்தால் எடுத்துப் பார்க்க முடியுமா? எந்த அரசாங்கம், எந்த வழியில்? இந்தத் தடவை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயரைப் போடாதீர்கள் என்று பலர் கேட்டிருந்தார்கள். கேட்கிற விஷயமே அப்படி என்பதால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

கேள்வி: சின்ன ஐ.டி. கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். "உங்கள் டேட்டா ஐரோப்பாவில்தான் இருக்கும், அமெரிக்க அரசு தொட முடியாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறோம். மைக்ரோசாஃப்ட் இதே விஷயத்தில் கேஸ் போட்டு ஜெயித்திருக்கிறது என்கிறார் எங்கள் மேனேஜர். தைரியமாகச் சொல்லலாமா சார்? (கோயம்புத்தூர்)

ஜெயித்தது உண்மைதான். ஆனால் உங்கள் மேனேஜர் கதையை இடைவேளையோடு நிறுத்திவிட்டார். கொஞ்சம் நீளமான கதை, பரவாயில்லை, இதைத் தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

2013 டிசம்பர். நியூயார்க்கில் ஒரு போதைப்பொருள் விசாரணை. மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் கணக்கு ஒன்றில் இருப்பதையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி ஜேம்ஸ் பிரான்சிஸ் என்ற மாஜிஸ்திரேட் நீதிபதி வாரண்ட் கொடுத்தார். முகவரிப் பட்டியல் மாதிரியான விவரங்கள் அமெரிக்காவிலேயே இருந்ததால் அதை மைக்ரோசாஃப்ட் பேசாமல் கொடுத்துவிட்டது. மெயில்களின் உள்ளடக்கம் மட்டும் அயர்லாந்தில், டப்ளின் டேட்டா சென்டரில் இருந்தது. அதைத் தர முடியாது, அமெரிக்க வாரண்ட் அமெரிக்க எல்லையோடு முடிந்துவிடும் என்று கோர்ட்டுக்குப் போனது.

அந்த மெயில்கள் டப்ளினுக்கு எப்படிப் போயின தெரியுமா? கணக்கு தொடங்கும்போது எந்த நாடு என்று படிவத்தில் ஒரு கட்டம் போட்டுக் கேட்பார்கள் இல்லையா, அதில் நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்குப் பக்கத்தில் இருக்கும் டேட்டா சென்டருக்கு அனுப்பிவிடுவது மைக்ரோசாஃப்டின் அப்போதைய வழக்கம், மெயில் சீக்கிரம் திறக்கட்டும் என்பதற்காக. சொன்னது நிஜமா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அயர்லாந்து என்று தட்டியிருந்தாலும் அவருடைய மெயில் டப்ளினுக்குத்தான் போயிருக்கும். இந்தக் கணக்குக்காரர் எந்த நாட்டவர் என்பது வழக்கின் பொது ஆவணங்களில் கடைசிவரை வரவில்லை. இரண்டு நாடுகளின் இறையாண்மை பற்றிப் பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடிய வழக்கு, ஒருவர் ஒரு கட்டத்தில் என்ன தட்டினார் என்பதில் ஆரம்பித்திருக்கிறது!

அரசுத் தரப்பு வாதம் எளிமையானது. டப்ளினுக்கு எந்த அதிகாரியும் போகப் போவதில்லை, கதவை உடைக்கப் போவதில்லை. அமெரிக்காவில், ரெட்மண்ட் தலைமையகத்தில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் தன் மேஜையில் இருந்தபடியே எடுத்துக் கொடுக்கலாம், பிறகு இதில் வெளிநாடு எங்கே வந்தது? இதற்கு அவர்களிடம் பழைய முன்னுதாரணமும் இருந்தது. 1980களில் பேங்க் ஆஃப் நோவா ஸ்கோஷியா என்ற கனடா வங்கியின் மயாமி கிளைக்கு சம்மன் அனுப்பி, கேமன் தீவுகளிலும் பஹாமாஸிலும் இருந்த கணக்கு விவரங்களைக் கேட்டார்கள். அந்த ஊர் வங்கி ரகசியச் சட்டம் தடுக்கிறது என்று வங்கி தயங்கியபோது, நாளொன்றுக்கு 25,000 டாலர் என்று அபராதம் ஏறிக்கொண்டே போய் 18,25,000 டாலரில் நின்றது. மேல்முறையீட்டிலும் அபராதம் குறையவில்லை. கிளை உன் ஊரில் இருக்கிறதா, ஆளைப் பிடி, காகிதம் தானாக வரும் என்கிற கணக்கு. மெயிலும் அப்படித்தான் என்றது அரசு.

பிரான்சிஸ் அதை ஏற்றுக்கொண்டார், 2014 ஜூலையில் மாவட்டத் தலைமை நீதிபதி லொரெட்டா பிரெஸ்காவும் அதையே சொன்னார். 2016 ஜூலை 14-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலைகீழாகத் திருப்பியது: வாரண்டுக்கு அடிப்படை 1986-ல் வந்த சட்டம், அது அமெரிக்காவுக்கு வெளியே செல்லும் என்று நாடாளுமன்றம் எங்கும் சொல்லவில்லை, ஆகவே டப்ளின் மெயிலுக்கு இந்த வாரண்ட் செல்லாது. உங்கள் மேனேஜர் சொல்கிற வெற்றி இதுதான். அந்த 1986 சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை: 180 நாளுக்கு மேல் சர்வரில் கிடக்கும் மெயிலுக்கு வாரண்ட்கூட வேண்டாம் என்கிறது அது. சர்வரில் இடம் என்பது தங்கம் மாதிரி இருந்த காலம், ஆறு மாதம் எடுக்காமல் கிடந்தால் வேண்டாத மெயில் என்று நினைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நம் இன்பாக்ஸில் பத்து வருஷ மெயில் கிடக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2017 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் கூகுளுக்கு எதிராக இதே மாதிரி வழக்கு. கூகுள் ஒரு கணக்கின் டேட்டாவை ஒரே இடத்தில் வைப்பதில்லை. துண்டு துண்டாக்கி, எங்கே இடம் வசதியோ அங்கே மென்பொருளே நகர்த்திக்கொண்டிருக்கும். காலையில் ஒரு நாட்டில் இருந்த துண்டு சாயங்காலம் வேறு நாட்டில் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்தினால், எந்த நாட்டு அரசிடம் போய் உதவி கேட்பது? கேட்டு முடிப்பதற்குள் டேட்டா நகர்ந்திருக்கும். அங்கிருந்த நீதிபதி, கொடுத்துதான் ஆக வேண்டும் என்று கூகுளுக்கு உத்தரவு போட்டார். சர்வர் இருக்கும் மண்தான் எல்லாம் என்ற வாதம் எனக்கு அப்போதே ஆட்டம் கண்டுவிட்டதாகத்தான் தோன்றியது.

விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 2018 பிப்ரவரி 27 அன்று வாதமும் நடந்தது. இதை நாடாளுமன்றம் அல்லவா சரிசெய்ய வேண்டும் என்ற ரீதியில் நீதிபதிகளே கேட்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் நாடாளுமன்றம் முந்திக்கொண்டது. 2,232 பக்க பட்ஜெட் மசோதாவின் கடைசிப் பகுதியில் கிளவுட் ஆக்ட் என்ற சட்டத்தைச் செருகி நிறைவேற்றினார்கள், மார்ச் 23 அன்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார். டேட்டா அமெரிக்காவுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும், அது நிறுவனத்தின் வசமோ கட்டுப்பாட்டிலோ இருந்தால் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அரசு புதிய வாரண்ட் வாங்கியது, ஏப்ரல் 17 அன்று உச்ச நீதிமன்றம் இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று வழக்கை முடித்துவைத்து, மைக்ரோசாஃப்ட் ஜெயித்த தீர்ப்பையும் சேர்த்து ரத்து செய்துவிட்டது. இதில் வேடிக்கை, கிளவுட் ஆக்டை ஆதரித்துக் கடிதம் எழுதிய கம்பெனிகளில் ஆப்பிள், கூகுள், பேஸ்புக்கோடு மைக்ரோசாஃப்டும் ஒன்று. அவர்களுக்குத் தெளிவான விதி வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பது வியாபாரத்துக்கு ஆகாது.

ஆகவே உங்கள் வாக்கியத்தை விற்பனைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். 2025 ஜூன் 10-ல் பிரான்ஸ் செனட் குழு முன்னால் மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்ட அதிகாரி சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொன்னார். பிரெஞ்சு அரசின் சம்மதமில்லாமல் பிரெஞ்சுக் குடிமக்களின் டேட்டா ஒருபோதும் அமெரிக்க அரசிடம் போகாது என்று உத்தரவாதம் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார், இதுவரை அப்படி நடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கம்பெனியே தர முடியாத உத்தரவாதத்தை நீங்கள் எதற்கு இலவசமாகக் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: அப்படியானால் அமெரிக்க போலீஸ்காரர் யார் நினைத்தாலும் என் ஜிமெயிலைத் திறந்து படித்துவிடலாமா? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

இல்லை. அந்த 180 நாள் விதி ஏட்டில் இருந்தாலும், இன்றைய நடைமுறையில் மெயிலின் உள்ளடக்கம் வேண்டுமென்றால் குற்றத்துக்கான முகாந்திரத்தைக் காட்டி நீதிபதியிடம் வாரண்ட் வாங்க வேண்டும். கிளவுட் ஆக்ட் அந்தப் படியை எடுக்கவில்லை, வாரண்ட் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத்தான் நீட்டியது. வெளிநாட்டவரின் டேட்டா, அந்த நாட்டுச் சட்டமும் தடுக்கிறது என்றால் நிறுவனம் 14 நாளுக்குள் ஆட்சேபிக்கவும் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவோடு இதற்கென ஒப்பந்தம் போட்ட நாடுகளுக்குத்தான் அந்த வழி. பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம் 2022 அக்டோபரிலும் ஆஸ்திரேலியாவோடு போட்டது 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் கிடையாது.

நீங்கள் சட்டம் படிப்பதால் இன்னொரு வாசலையும் பார்த்து வையுங்கள், என் பார்வையில் அதுதான் பெரிய வாசல். ஃபைசா என்ற அமெரிக்க வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702-ஆவது பிரிவு, 2008-ல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அமெரிக்கரல்லாதவர்களை உளவுத் தகவலுக்காகக் கண்காணிக்க ஆளுக்கொரு வாரண்ட் தேவையில்லை. சிறப்பு நீதிமன்றம் ஒன்று நடைமுறைக்கு மொத்தமாக அனுமதி கொடுக்கும், யாரைப் பார்ப்பது என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள். 2013 ஜூனில் அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் வெளியிட்ட, பிரிசம் என்ற கண்காணிப்புத் திட்டத்தின் ஆவணங்கள் இதன் கீழ் நடந்ததைப் பற்றியவைதான். திருச்சியில் இருக்கும் உங்களுக்கு முகாந்திரமில்லாத சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் குடை பிடிக்காது.

இதை எதிர்த்து எழுந்தவர் அப்போது உங்களை மாதிரி சட்ட மாணவராக இருந்த ஆஸ்திரியர் மேக்ஸ் ஷ்ரெம்ஸ். என் பேஸ்புக் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பாதே என்று 2013-ல் அயர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுத்தார் (பேஸ்புக்கின் ஐரோப்பிய அலுவலகம் இருந்ததும் அதே டப்ளின்தான்). ஆணையர் விசாரிக்க மறுத்தார். ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே டேட்டா போய்வர இருந்த ஏற்பாட்டை 2015 அக்டோபரில் உடைத்தார். அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டையும் 2020 ஜூலையில் உடைத்தார். 2023-ல் மூன்றாவது ஏற்பாடு வந்திருக்கிறது. ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இந்த இரண்டு தீர்ப்புகளையும் எடுத்துப் படியுங்கள், நம் ஊர் சட்ட வகுப்புகளில் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

கேள்வி: ஐபோனில் கூடுதல் பாதுகாப்பு வசதி ஒன்று இங்கே எடுக்கப்பட்டுவிட்டதாம். எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. பிரிட்டன் அரசு இப்போது எங்கள் குடும்பப் படங்களைப் பார்க்கிறதா? (ஹாரோ, லண்டன்)

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, பயப்படாதீர்கள். ஐகிளவுடில் உள்ள படங்கள், நோட்ஸ், போன் பேக்கப் இதற்கெல்லாம் பூட்டு உண்டு, ஆனால் சாதாரணமாக அதன் சாவி ஒன்று ஆப்பிளிடமும் இருக்கும். முறையான உத்தரவோடு வந்தால் ஆப்பிளால் திறந்து கொடுக்க முடியும். அட்வான்ஸ்ட் டேட்டா புரொடெக்ஷன் என்ற வசதியை ஆன் செய்தால் சாவி உங்கள் சாதனங்களில் மட்டும்தான், ஆப்பிளே நினைத்தாலும் முடியாது. 2016 புலனாய்வு அதிகாரச் சட்டத்தின் கீழ் பிரிட்டன் உள்துறை ஆப்பிளுக்கு ரகசிய உத்தரவு ஒன்று கொடுத்ததாக 2025 பிப்ரவரியில் செய்தி கசிந்தது. பிரிட்டனில் இருப்பவர்கள் மட்டுமில்லை, உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரின் டேட்டாவையும் எடுக்க வழி செய்யச் சொன்னதாக அந்தச் செய்தி. உத்தரவு வந்ததா இல்லையா என்று சொல்லக்கூட நிறுவனத்துக்கு அனுமதி கிடையாது, சட்டமே அப்படி. ஆப்பிள் பின்கதவு வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, பிப்ரவரி 21 அன்று பிரிட்டனில் அந்த வசதியையே நிறுத்தியது. ஆகஸ்டில் அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் துளசி கப்பார்ட், பிரிட்டன் பின்வாங்க ஒப்புக்கொண்டதாக அறிவித்தார். தன் ஊர் கம்பெனியிடம் வேறு அரசு வந்து கேட்டால் அமெரிக்காவுக்கு எவ்வளவு கோபம் வருகிறது பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பாஸ்வேர்டுகளும் உடல்நல விவரங்களும் இப்போதும் உங்கள் சாவியில்தான் இருக்கின்றன. படங்களும் பேக்கப்பும் ஆப்பிள் திறக்கக்கூடிய பூட்டில். ரொம்பவே அந்தரங்கமானது என்றால் ஐகிளவுடில் ஏற்றாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்து வையுங்கள், அதற்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டு.

கேள்வி: புதிய வருமான வரிச் சட்டத்தில் அதிகாரிகள் மெயிலையும் கிளவுடையும் திறக்கலாம் என்கிறார்கள். சர்வர் வெளிநாட்டில் இருக்கும்போது எப்படி? (ஆடிட்டர், ஈரோடு)

நல்ல கேள்வி, ஏனென்றால் இங்கே யாரும் வெளிநாட்டுக்கே போக வேண்டியதில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதி, ஒப்பந்தம் தேடி அலைவதெல்லாம் சர்வரை நோக்கிப் போகிறவர்களுக்கு. சோதனைக்கு வருகிற அதிகாரி உங்கள் கிளையன்ட் வீட்டு ஹாலுக்கே வந்துவிடுகிறார், மேஜையில் லேப்டாப் லாகின் ஆகி இருக்கிறது. 2025 வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் அமல். மெயில் சர்வர், சமூக ஊடகக் கணக்கு, ஆன்லைன் முதலீட்டுக் கணக்கு, கிளவுட் எல்லாவற்றையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்து, சோதனையின்போது பாஸ்வேர்டு கிடைக்காவிட்டால் அதைத் தாண்டி உள்ளே போகவும் 247-ஆவது பிரிவில் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். சர்வர் எந்த நாட்டு மண்ணில் நிற்கிறது என்ற பேச்சே அங்கே எழாது.

இது ரெய்டுக்கான அதிகாரம், வழக்கமான ஸ்க்ரூட்டினிக்கு (கணக்குச் சரிபார்ப்புக்கு) இல்லை என்று அரசு விளக்கியிருக்கிறது. பழைய சட்டத்தின் 132-ஆவது பிரிவிலேயே மின்னணுக் கணக்குப் புத்தகங்களைப் பார்க்க வழி இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் கணக்குப் புத்தகமும் ஒரு மனிதரின் மெயில் பெட்டியும் ஒன்றா? மெயில் பெட்டியில் பெண்ணுக்கு வந்த வரனின் ஜாதகமும் டாக்டர் ரிப்போர்ட்டும்கூட இருக்கும். எதை எடுக்கலாம், சம்பந்தமில்லாததை என்ன செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே விளக்கமாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிளையன்ட்டுகளுக்கு இப்போதைக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்: வியாபாரத்துக்குத் தனி மெயில், வீட்டுக்குத் தனி மெயில்.

கேள்வி: இதற்குத்தான் நம் ஊர் ஜோஹோவுக்கே மாறிவிடுங்கள் என்கிறேன். சரிதானே? (தென்காசி)

ஊர்ப் பாசம் புரிகிறது! மத்திய அரசு ஊழியர்களின் மெயிலையே ஜோஹோ மேடைக்கு மாற்றினார்கள், ஒரு அரசுக்கு அது நியாயமான கவலைதான். தன் கோப்புகள் வேறு நாட்டு கோர்ட் உத்தரவுக்கு எட்டும் இடத்தில் இருப்பதை எந்த அரசு விரும்பும்?

ஆனால் உங்களுக்கும் எனக்கும் கணக்கு வேறு. சென்னை கம்பெனி என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு நேராகப் பாயும். உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வந்தால் இடைமறித்துக் கொடுக்க வேண்டும், பூட்டியிருந்தால் திறக்க உதவ வேண்டும், மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் இதற்காக 10 மத்திய அமைப்புகளின் பெயரைப் பட்டியல் போட்டு அறிவித்தார்கள். அமெரிக்காவிலாவது நீதிபதி கையெழுத்து, இங்கே அதுவும் இல்லை, அதிகாரி உத்தரவு போடுகிறார், அதிகாரிகள் குழு சரிபார்க்கிறது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறார்கள். தவிர, அமெரிக்காவில் அலுவலகம் போட்டு வியாபாரம் செய்கிற எந்த நாட்டுக் கம்பெனியும் கிளவுட் ஆக்ட் வரம்புக்குள் வரலாம். தமிழ்நாட்டில் வேலை கிடைக்கிறது, பொருள் நன்றாக இருக்கிறது என்று வாங்குங்கள், நானும் ஆதரிக்கிறேன். அரசு பார்க்காது என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைன் மோசடியில் பணம் போய் புகார் கொடுத்தேன். மோசடிக்காரனின் ஜிமெயில் முகவரி கையில் இருந்தும் போலீஸ் மாதக்கணக்கில் ஒன்றும் செய்யவில்லை. நம் அரசுக்கு மட்டும் ஏன் எதுவும் கிடைப்பதில்லை? (நாகர்கோவில்)

உங்கள் எரிச்சல் நியாயமானது. கணக்கு எந்த எண்ணில் தொடங்கப்பட்டது, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து லாகின் ஆனது என்கிற அளவு விவரங்களைப் போலீஸ் நேரடியாகக் கேட்டால் அமெரிக்க கம்பெனிகள் பரிசீலித்துக் கொடுப்பதுண்டு. மெயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கொடுக்க அமெரிக்கச் சட்டமே தடை போடுகிறது. அதற்கு இந்தியாவும் அமெரிக்காவும் 2001-ல் கையெழுத்திட்டு 2005-ல் நடைமுறைக்கு வந்த பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியாகப் போக வேண்டும். நாகர்கோவிலில் இருந்து கிளம்பும் காகிதம் டெல்லியில் உள்துறை, அங்கிருந்து வாஷிங்டனில் நீதித்துறை, அவர்களுடைய வக்கீல், அங்கே ஒரு நீதிபதி, பிறகுதான் கூகுள். நடுவில் ஒரு இடத்தில் வாசகம் சரியில்லை என்றால் திரும்பி வரும். இப்படி எல்லா நாடுகளிலிருந்தும் வரும் கோரிக்கைகள் முடிய சராசரியாகச் சுமார் 10 மாதம் ஆகிறது என்று ஒபாமா அமைத்த குழுவே 2013-ல் எழுதியது. இந்த இழுபறியைக் காட்டித்தான் டேட்டாவை இந்தியாவிலேயே வை என்ற குரல் வருகிறது, 2018-ல் ரிசர்வ் வங்கி பணப் பரிவர்த்தனை விவரங்களுக்கு அப்படி உத்தரவும் போட்டது.

உங்கள் பணத்துக்கு மெயிலின் உள்ளடக்கம் அவ்வளவு முக்கியமில்லை. பணம் போன வங்கிக் கணக்கு இந்தியாவில்தான் இருக்கும், அதன் தடத்தைப் பிடிக்கச் சொல்லி அழுத்தம் கொடுங்கள். இனி யாருக்காவது இப்படி நடந்தால் முதல் வேலையாக 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் மெசேஜை யாராலும் படிக்க முடியாது என்கிறார்களே, அதுவாவது நிஜமா? (மயிலாடுதுறை)

மெசேஜைப் பூட்டித்தான் அனுப்புகிறது, போகிற வழியில் படிக்க முடியாது, நிஜம்தான். யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் வேறு விஷயம், அதற்கு இந்தப் பூட்டு கிடையாது. ஆனால் ராத்திரி ராத்திரி உங்கள் ஆண்ட்ராய்டு போன் எடுக்கும் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகிறது பாருங்கள், நீங்களாக ஆன் செய்யாத வரை அதற்கு அந்தப் பூட்டு இல்லை. வசதி 2021-லேயே வந்துவிட்டது. செட்டிங்ஸ் போய், சாட்ஸ், அதில் சாட் பேக்கப், அதற்குள் எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப் என்று இருக்கும். பாஸ்வேர்டு கேட்கும், இல்லையென்றால் 64 இலக்கச் சாவி ஒன்று கொடுக்கும். நீங்கள் மட்டும் செய்தால் போதாது, அதே குடும்ப குரூப்பில் இருக்கும் மாமாவின் பேக்கப் திறந்து கிடந்தால் உங்கள் மெசேஜும் அதில் இருக்கும், அவர் போனிலும் போட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம், பாஸ்வேர்டை மறந்துவிட்டு போனையும் தொலைத்தால் வாட்ஸ்அப் கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது. முதலில் அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.